பல் எடுத்த நான்காம் நாள் வலி ஏறுகிறது: பொறுத்துக்கொள்ளலாமா?

திண்டுக்கல் அருகே ஒரு சிற்றூரிலிருந்து, பெயர் வெளியிட வேண்டாம் என்ற குறிப்புடன் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 33. தனியார் பள்ளி ஆசிரியை. பத்து மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்து வருகிறார். வலது கீழ்த் தாடையில் படுத்த வாக்கில் புதைந்து கிடந்த ஞானப்பல்லை, ஈறைக் கீறி எடுத்து மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். அன்றிரவு வாயில் இரத்தம் ஊறிக்கொண்டே இருக்க, துப்பித் துப்பி ஒரு கிண்ணமே சிவந்துவிட்டதாம். பதறிப்போன மாமியார் மஞ்சள் தூளையும் காப்பித் தூளையும் வைத்து அழுத்தச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் கன்னம் நன்றாக வீங்கியது. புண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. நாத்தனார் அதைச் சீழ் என்று சொல்ல, இவர் பஞ்சால் துடைத்துப் பார்த்திருக்கிறார். பால் வழியே குழந்தைக்குப் போய்விடுமே என்று வலி மாத்திரையை முதல் நாளோடு நிறுத்தியும்விட்டார்.

நான்காம் நாள், குறைந்து வந்த வலி மறுபடி ஏறிக் காதுக்குள் குத்த ஆரம்பித்தது. வாயில் துர்நாற்றம். கீழுதட்டின் வலது ஓரம் இன்னும் மரத்தே இருக்கிறது. மருத்துவர் ஏழாம் நாள் தையல் பிரிக்கத்தான் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் போய் நிற்கத் தயக்கம். அதனால் மருந்துக்கடையில் கேட்டு, கொஞ்சம் வீரியமான ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு வேளை போட்டிருக்கிறார். பல்லின் துண்டை உள்ளேயே விட்டுவிட்டார்கள், வழக்குப் போடலாம் என்கிறாராம் தம்பி. “நான் என்ன தவறு செய்தேன், டாக்டர்? ஏழாம் நாள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமா? தயிர் சாப்பிட்டால் புண் சீழ்பிடிக்குமா? கண் பார்வை கெட்டுவிடுமா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் மின்னஞ்சலைப் படித்த உடனேயே, “ஏழாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம், இன்றே உங்கள் மருத்துவரிடம் போங்கள்” என்று இரண்டு வரி பதில் அனுப்பினேன். போய் வந்ததாகவும், புண்ணைக் கழுவி மருந்து வைத்த அரை மணி நேரத்தில் வலி அடங்கியதாகவும், நான்கு நாளில் அன்றிரவுதான் தூங்கியதாகவும் எழுதினீர்கள். மனம் நிறைந்தது. மற்றவற்றை இப்போது ஆற அமரப் பேசலாம். உங்களைப் போலவே வீட்டில் தவித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

காதுக்குள் குத்திய வலி என்ன வலி?

பல் எடுத்த இடத்தில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் இரத்தம் ஊறி, உறைந்து, கருஞ்சிவப்பு நிறத்தில் ஜெல்லி போல நிற்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் புண்ணுக்கு அதுதான் போர்வை. கீழே இருக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காப்பது அதுதான். புதிய சதையும் பின்னால் புதிய எலும்பும் வளர்வதும் அதைப் பிடித்துக்கொண்டுதான். அந்த உறைவு நின்றால் புண் தானாக ஆறும். கரைந்தோ பெயர்ந்தோ போய்விட்டால் எலும்பு திறந்து கிடக்கும். காற்றும் உணவும் எச்சிலும் நேராக அதில் படும். இதைத்தான் பல் மருத்துவர்கள் ‘ட்ரை சாக்கெட்’ என்கிறோம்.

இதற்கென்று ஒரு போக்கு உண்டு. முதல் ஓரிரு நாள் வலி குறையும். மூன்றாம் நாள் வாக்கில் திரும்ப ஏறும். வலி பல் எடுத்த இடத்தோடு நிற்காமல் காது, நெற்றிப்பொட்டு என்று பரவும், ஏனென்றால் கீழ்த் தாடைக்கும் காதுப் பக்கத்துக்கும் உணர்வைக் கொண்டுபோவது ஒரே நரம்பின் கிளைகள். வாய் நாறும். உங்கள் கடிதத்தில் இந்த நான்கும் இருந்தன. சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு இது வரும். புதைந்த கீழ் ஞானப்பல் என்றால் இன்னும் அதிகம். புகைப்பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்பு கூடும்.

ஆகவே உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்: காதுவலியும் நாற்றமும் பல் துண்டு உள்ளே இருப்பதற்கான அடையாளம் ஆகாது. மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாம் சரியாகச் செய்தும் வரக்கூடிய தொல்லை இது. சந்தேகம் தீர வேண்டுமானால் ஓர் எக்ஸ்ரே போதும்.

நீங்கள் வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக் ஏன் கேட்கவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். அங்கே திறந்து கிடந்தது எலும்பு. கிருமி பெருகிச் சீழ் பிடித்திருக்கவில்லை. மூட வேண்டியதை மூடினால் வலி நிற்கும். குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெயின் சாரம் கலந்த மருந்தை உங்கள் மருத்துவர் வைத்திருப்பார். அதை ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் எலும்பின் மேல் சதை மூடிவிடும். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையின் அட்டையைத் தூக்கிப்போடாமல் அடுத்த முறை போகும்போது எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கோடு இன்னொன்றையும் சேர்த்துப் போட வேண்டாம். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதே சட்டப்படி தவறு. சீட்டில்லாமல் கொடுக்கும் கடைக்காரருக்கு உங்கள் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. கிராம்பு எண்ணெய் என்றவுடன் யாரும் வீட்டில் பாட்டிலைத் திறந்து குழிக்குள் விட்டுவிடாதீர்கள், நேரடியாகப் பட்டால் சதை வெந்துவிடும்.

“நான் என்ன தவறு செய்தேன்?”

இந்தக் கேள்வியை நீங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் கேட்டிருந்தீர்கள். உறைவு உங்களால்தான் போனது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கலைத்திருக்கக்கூடிய சில காரியங்கள் நடந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அக்கறையால் நடந்ததுதான்.

முதலாவது, துப்பியது. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பீட்ரூட் சாற்றை விட்டுப் பாருங்கள். டம்ளர் முழுக்கச் சிவக்கும். எச்சிலில் கலந்த இரத்தமும் அப்படித்தான். கிண்ணம் நிறைந்தது போலத் தெரிந்ததில் பெரும்பகுதி எச்சில். முதல் 24 மணி நேரம் இளஞ்சிவப்பாக எச்சில் வருவது இயல்பு. துப்பும்போதும் உறிஞ்சும்போதும் வாய்க்குள் ஓர் இழுப்பு உண்டாகிறது, அது உறைவை அசைத்துவிடும். அதனால்தான் எச்சிலை விழுங்கச் சொல்கிறோம். இளநீரைக் கூடக் குழல் போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொல்கிறோம்.

உண்மையிலேயே இரத்தம் நிற்கவில்லை என்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான். சுத்தமான காஸ் துணியைத் தடிமனாக மடித்து, ஈரமாக்கி, புண்ணின் மேல் சரியாகப் படும்படி வைத்து, அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, பேசாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காமல். எடுத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைவு துணியோடு பிய்ந்து வரும். காஸ் இல்லையென்றால் நனைத்த டீத்தூள் பை ஒன்றைக் கடிக்கலாம். தேயிலையின் துவர்ப்பு இரத்தம் உறைய உதவும். இரண்டு முறை கடித்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

மாமியார் வைத்த மஞ்சளும் காப்பித் தூளும் அடுத்தது. அவர் மேல் வருத்தப்படாதீர்கள், நடு இரவில் இரத்தத்தைப் பார்த்த ஒரு பெரியவர் கையில் இருந்ததைக் கொண்டு உதவப் பார்த்தார். ஆனால் தோலில் பட்ட கீறல் வேறு, வாய்க்குள் இருக்கும் குழி வேறு. குழிக்குள் போகும் எந்தத் தூளும் மணலைப் போல உள்ளே தங்கும். விபூதி, புகையிலை, பெருங்காயம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். நல்லெண்ணெய் கொப்பளிக்கும் வழக்கம் உள்ளவர்களும் புண் ஆறும்வரை அதை நிறுத்திவைக்க வேண்டும்.

பிறகு அந்த வெள்ளை. இரண்டாம், மூன்றாம் நாளில் புண்ணின் மேல் பாலாடை போல வெண்மஞ்சளாக ஒரு படலம் வரும். அது சீழ் அல்ல. முழங்காலில் அடிபட்டால் பக்குக் கட்டுகிறதே, வாயின் ஈரத்தில் அதே பக்கு இப்படி வெளுத்துத் தெரிகிறது. ஆறத் தொடங்கிவிட்டதன் அடையாளம். சீழ் என்றால் அழுத்தும்போது வடியும், உப்பாகவோ கசப்பாகவோ வாயில் ஊறும், கூடவே காய்ச்சலும் கூடிக்கொண்டே போகும் வீக்கமும் இருக்கும். பஞ்சு, விரல், வேப்பங்குச்சி எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். நாக்கால் தடவிப் பார்ப்பதும் வேண்டாம்.

கன்னம் வீங்கியது உங்கள் தவறே இல்லை. எலும்பில் வேலை செய்த இடம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சமாக வீங்கும், பிறகு வடியும். வாயை முழுக்கத் திறக்க முடியாமல் தாடை இறுகுவதும் அதோடு சேர்ந்ததே. முதல் நாளில் துணியில் சுற்றிய ஐஸ், கன்னத்தின் வெளிப்பக்கம், கால் மணி நேரம் வைத்துக் கால் மணி நேரம் எடுத்து. மூன்றாம் நாளுக்குப் பிறகு வெதுவெதுப்பான ஒத்தடம். பல வீடுகளில் முதல் நாளே உப்பு மூட்டையைச் சூடாக்கி ஒத்தடம் கொடுக்கிறார்கள். அது வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்தாலே காலையில் வித்தியாசம் தெரியும்.

மாத்திரையும் தாய்ப்பாலும்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்தப் பகுதிதான். எலும்பைத் தொட்டுச் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று நாள் ஒரு வலி மாத்திரைகூட இல்லாமல், குழந்தையையும் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அது தேவையே இல்லை.

உங்கள் சீட்டில் இருந்தவை ஐபுபுரோஃபென், பாரசிட்டமால், அமாக்சிசிலின் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றும் பால் கொடுக்கும் தாய்மார்கள் சாப்பிடக்கூடியவை. பாலில் மிக மிகக் குறைந்த அளவே சேரும். ஐபுபுரோஃபெனையும் பாரசிட்டமாலையும் குழந்தைகளுக்கே காய்ச்சலுக்குக் கொடுக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். அமாக்சிசிலினால் குழந்தைக்குச் சற்று இளக்கமாக மலம் போகலாம், அவ்வளவுதான். தவிர்க்க வேண்டியவை வேறு: கோடீன், ட்ரமடால் போன்ற கடும் வலிநிவாரணிகளும் ஆஸ்பிரினும். பால் கொடுப்பவர் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அவர் அதற்கேற்ப எழுதுவார். மாத்திரைக்குப் பயந்து பாலை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அப்போது மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வரும். அது பல் புண்ணால் வந்த காய்ச்சலோ என்று இன்னொரு குழப்பம் சேரும்.

இன்னொரு நுணுக்கம். வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல், மரப்பு ஊசியின் வேகம் குறையும் முன்பே உணவுக்குப் பின் முதல் வேளையைப் போட்டுவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் சீட்டில் உள்ள நேரப்படி தொடர வேண்டும். ஐபுபுரோஃபெனும் பாரசிட்டமாலும் சேர்ந்து கொடுக்கும் நிவாரணம் பல பெரிய மாத்திரைகளை விட மேலானது. ஆனால் இரண்டும் ஒரே மாத்திரையில் கலந்து வருவது உண்டு. அதைப் போட்டுக்கொண்டு, தனியாகக் காய்ச்சல் மாத்திரை 650 ஒன்றையும் போட்டால் பாரசிட்டமால் இரட்டிப்பாகும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 3 கிராமுக்குள் நிற்பது நல்லது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், டெங்கு சந்தேகம் உள்ளவர்கள் ஐபுபுரோஃபெனைத் தாமாகத் தொடக்கூடாது. மாத்திரையை ஈறில் ஒட்டவைத்துக் கரைப்பது இன்னமும் நடக்கிறது. ஈறு வெந்து, ஒரு புண் இரண்டாகும்.

பத்தியம், தயிர், தலைக்குளியல், கண்

தயிரால் புண் சீழ்பிடிக்காது. குளிர்ந்த தயிர்சாதம், ஆறிய கேழ்வரகுக் கூழ், பாலில் குழைத்த இட்லி, மசித்த பருப்புசாதம், பப்பாளி, வாழைப்பழம், வேகவைத்த முட்டை எல்லாம் நல்ல உணவு. தயிர்சாதத்தில் தாளித்த கடுகை மட்டும் தவிர்த்துவிடுங்கள், குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முறுக்கு, நிலக்கடலை, காரம், கொதிக்கக் கொதிக்கக் காப்பி வேண்டாம். நீங்கள் இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவர். கஞ்சித் தண்ணீரோடு பத்தியம் இருந்தால் புண் ஆறுவது தள்ளித்தான் போகும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வாய் வலிக்கிறது என்று உணவைத் தவிர்த்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும் அபாயமும் உண்டு. தலைக்குக் குளிக்கலாம். முதல் ஓரிரு நாள் சுடச்சுடத் தண்ணீர் வேண்டாம், அவ்வளவே.

முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது. 24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில் வைத்துத் தலையை மெல்ல இருபுறமும் சாய்த்து, வாயைத் திறந்து தானாக வழியவிட வேண்டும். கரகரவென்று கொப்பளித்துக் காறித் துப்புவது நம் பழக்கம். இந்த ஒரு வாரத்துக்கு அதை மறந்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் செய்யலாம். மற்ற பற்களை மெல்லிய பிரஷ்ஷால் வழக்கம்போலத் துலக்குங்கள். துலக்காத வாயில்தான் புண் கெடும்.

கண்ணைப் பற்றி அஞ்சவே வேண்டாம். பற்களுக்கு உணர்வைத் தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பார்வை நரம்பு கண்ணின் பின்புறமிருந்து நேராக மூளைக்குப் போகிறது. பல்லை எடுப்பது அதைத் தொடுவதில்லை. இந்தப் பயத்தால் சொத்தைப் பல்லை எடுக்காமல் வைத்திருந்து, அதிலிருந்து கிருமி பரவிக் கன்னமும் கண்ணிமையும் வீங்கி வருபவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

“ஏழாம் நாள் வா” என்று மருத்துவர் சொன்னால், எல்லாம் ஒழுங்காகப் போனால் ஏழாம் நாள் என்று பொருள். முன்னால் வந்தால் கோபித்துக்கொள்வார் என்று நினைத்து எத்தனை பேர் வீட்டில் துடிக்கிறார்கள்! நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி ஏறுகிறது என்றால் அன்றே போங்கள். மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடினாலும், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, நாக்குக்கு அடியில் கட்டியாகத் தூக்குகிறது, குரல் மாறுகிறது என்றால் பல் மருத்துவமனை திறக்கும் நேரத்தைப் பார்க்காமல் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உங்கள் மருத்துவர் கிடைக்கவில்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம்.

மரத்த உதடும், தம்பி சொன்ன வழக்கும்

உண்மையில் நீங்கள் கடைசியில் ஒரே வரியில் எழுதிய இந்த உதட்டைத்தான் இனி கவனிக்க வேண்டும். கீழ்த் தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் வழியாக, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. ஞானப்பல்லின் வேர் பலருக்கு அதை ஒட்டியே இருக்கும். பல்லைப் பெயர்க்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரக்கும். மரப்பு ஊசியின் வேகம் சில மணி நேரம்தான். நான்காம் நாளும் மரத்திருந்தால் அது ஊசியால் அல்ல. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். நிலையாக மரத்துப்போவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. ஆனால் இதை மருத்துவர் பரிசோதித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அடுத்த முறை போகும்போது நீங்களே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அதோடு எக்ஸ்ரேயின் நகலையும், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதைச் சண்டையாக நினைக்க வேண்டாம். நரம்பு பாதிக்கப்படலாம் என்று முன்கூட்டியே விளக்கினார்களா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். சிகிச்சையின் அபாயங்களை நோயாளிக்குப் புரியும்படி சொல்லித்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே தீர்ப்பானது. புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே தம்பி அவசரப்பட வேண்டியதில்லை. அறியப்பட்ட ஒரு பின்விளைவு வந்தது என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார்களா, நீங்கள் முறையிட்ட பிறகும் பார்க்காமல் விட்டார்களா என்பவைதான் எடைபோடப்படும். உங்கள் மருத்துவர் நீங்கள் போன அன்றே கழுவி மருந்து வைத்திருக்கிறார். இப்போதைக்கு அவரோடு இணைந்து குணமடைவதுதான் உங்களுக்கு நல்லது என்பது என் எண்ணம். ஒரு மாதத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் வாய் மற்றும் முக அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

அதுவரை வீட்டில் ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். பஞ்சைத் திரித்து, உங்கள் கணவர் உதட்டின் நடுவிலிருந்து வலது ஓரம் வரை மெல்லத் தொட்டுக்கொண்டே வரட்டும். உணர்வு நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. அதைப் படம் பிடித்துத் தேதியோடு வையுங்கள். எறும்பு ஊர்வது போலவோ ஊசி குத்துவது போலவோ தோன்றினால் பயப்படாதீர்கள், நரம்பு விழிக்கும்போது அப்படித்தான் இருக்கும். உணர்வில்லாத உதடு சூட்டை அறியாது என்பதால் காப்பியை இடது பக்கமாக, ஆறவைத்துக் குடியுங்கள். நான்கு வாரப் படங்கள் சேர்ந்ததும் உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்கும் அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.